பழம் பிழைக்கும் காற்று

ஆறாம் அறையின் பழத்தை வெட்டியதும் சாராய வாடை அடித்தது. அவள் அதை உடனே யாரிடமும் சொல்லவில்லை. கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டு, அதே வலைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்து வெட்டி மூக்கருகே கொண்டுபோனாள். அதிலும் அதே வாடை. மெலிசாகத்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடம் வைக்காத மெலிசு. சதை வெள்ளையாகவே இருந்தது. தோலைப் பார்த்தால் அப்படியே கடையில் கொண்டுபோய் அடுக்கலாம். மூக்கு மட்டும் வேண்டாம் என்றது.

அது ஒரு பழக் கிடங்கு. பறித்து வரும் ஆப்பிளை மரப்பெட்டிகளில் நிரப்பிக் கூரை முட்ட அடுக்கி, அறையைக் காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். கதவு விளிம்பெல்லாம் பசை பூசிச் சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்குவார்கள். பிறகு குழாய் வழியாக நைட்ரஜனை உள்ளே விட்டு, இருக்கும் ஆக்சிஜனை வெளியே தள்ளுவார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு ஆக்சிஜன் என்றால், அந்த அறைக்குள் இரண்டே பங்கு. குளிரும் சேர்ந்துகொள்ளும்போது பழம் அரைத்தூக்கத்தில் மாதக்கணக்காகக் கிடக்கும். என்றைக்குத் திறந்தாலும் நேற்றுப் பறித்தது போல இருக்கும்.

பெரிய கதவின் அடிப்பகுதியில் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்கு மேலே உள்ளே பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி. சின்னக் கதவை ஒட்டி உள்பக்கம் வலைப்பைகளில் கொஞ்சம் பழங்கள் தொங்கும். வாரத்துக்கு ஒரு பையைக் கொக்கியால் வெளியே இழுத்து அவள் மேசைக்குக் கொண்டுவருவார்கள். அழுத்திப் பார்ப்பது, வெட்டிப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது, பிறகு எப்படியிருக்கிறது என்று சொல்வது: இதுதான் அவள் வேலை.

"எங்க அக்காவுக்கு மூக்குதான் சோறு போடுது" என்பான் தம்பி. "சளி புடிச்சா குடும்பமே பட்டினி."

தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். அவனை அங்கே சேர்த்துவிட்டவர் அவள் கணவர். கதவு மூடுவது, திறப்பது, பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டுவது எல்லாம் இந்த இரண்டு பேரும்தான். மச்சான் என்று இவரும் மாமா என்று அவனும் நாள் முழுக்க ஒருவரையொருவர் வாரிக்கொண்டே வேலை செய்வார்கள். கிடங்கில் தம்பியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. மீன் என்றுதான் கூப்பிட்டார்கள். மூச்சை அடக்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. சின்ன வயதில் வாளித் தண்ணீரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அம்மா அலறி ஓடிவந்து முடியைப் பிடித்துத் தூக்கும்வரை அப்படியே கிடப்பான். தூக்கினால் சிரிப்பான். அதற்கு ஒரு அடி விழும், அதற்கும் சிரிப்பான்.

கிடங்கிலிருந்து அவளை ஒரு தடவை வெளியே பயிற்சிக்கு அனுப்பினார்கள். சொல்லிக்கொடுத்த பேராசிரியை சிரித்த முகத்தோடு பயமுறுத்துகிறவர். பழம் எப்படிப் பிழைக்கிறது என்று தொடங்கி மனிதன் எப்படிச் சாகிறான் என்று முடித்தார். அடுத்த விடுமுறை நாளில் அம்மா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது அவள் அதைச் சொன்னாள். அம்மா தையல் இயந்திரத்தில் யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பறிச்ச பழம் செத்துப்போகலைடா. உள்ள ஒவ்வொரு செல்லும் உயிரோடதான் இருக்கு. சர்க்கரையை எடுத்து, ஆக்சிஜனை வச்சு எரிச்சு, அதுல வர்ற சக்தியிலதான் பொழைக்குது. நாமளும் அப்படித்தான்."

"அப்ப ஆக்சிஜன் இல்லேன்னா?" என்றான் தம்பி.

"அப்பவும் விடாது. அரைகுறையா எரிக்கும். காத்து படாத அடுப்பு புகையுமே, அந்த மாதிரி. ஒழுங்கா எரிச்சா முப்பது பங்கு சக்தி கிடைக்கிற சர்க்கரையில, இப்படி எரிச்சா ரெண்டே பங்குதான். மிச்சமெல்லாம் சாராயமா மாறி உள்ளயே தேங்கிடும்."

"பார்த்தீங்களா மாமா, காத்து இல்லேன்னா என்ன, சரக்கு இருந்தா போதும்னு வாழுது. ஞானிதான்."

"உன் சாதிதான் மச்சான்" என்றார் கணவர்.

"மனுஷனுக்கும் இந்த வித்தை உண்டாக்கா?"

"தசைக்கு உண்டு. நீ பெட்டியைத் தூக்கிட்டு ஓடுறே, ரத்தம் கொண்டுவர்ற ஆக்சிஜன் பத்தலே, அப்போ தசை கொஞ்ச நேரம் அது இல்லாமலே ஓட்டும். சாராயத்துக்குப் பதிலா ஒரு அமிலம் சேரும், அவ்வளவுதான். ஆனா மூளைக்கு அதெல்லாம் நடக்காது. மூளை அன்னாடங்காய்ச்சி. வர்றதை வந்த நேரமே தின்னு தீர்த்துடும். வரத்து நின்னா விளக்கு அணைஞ்சது."

"இவனுக்கு அந்தக் கவலையே இல்லை" என்றாள் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எரிஞ்சாத்தானே அணையறதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பிதான் அதிகம் சிரித்தான். அவள் முழுவதையும்தான் சொன்னாள். அவன் அதில் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டான் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

பிறகுதான் அவளுக்கு முங்குகிற விஷயம் தெரியவந்தது. ஒரு அறையைத் திறந்துவிட்டால் திரும்ப மூடிப் பழத்தைத் தூங்கவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால் வலைப்பை அறுந்து உள்ளே விழுந்தாலோ, விளக்கு ஏதாவது சரிந்தாலோ, ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு சின்னக் கதவு வழியாக நுழைந்து, வேலையை முடித்து ஓடிவந்துவிடுவார்கள். அதற்குப் பெயர் முங்குவது. வெளியே ஒருவர் நின்று கதவில் ஸ்பேனரால் விடாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டிச் சந்துகளுக்குள் இருட்டில் வழி தவறினால் அந்தச் சத்தம்தான் திசை. மேலாளருக்கு இது தெரியாது என்பது ஏற்பாடு.

தெரிந்த அன்று அவள் தம்பியையும் கணவரையும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"உனக்கெல்லாம் பழக்கம் இல்லாத விஷயம்க்கா. உள்ள போறது, வர்றது, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள" என்றான் தம்பி.

"கால் தடுக்கிச்சுன்னா? மூச்சு விட்டுட்டேன்னா?"

"விட்டா ஒரு வாய் இழுத்துக்கிறது. சுத்தமா காத்தே இல்லாமலா இருக்கு? ரெண்டு பங்கு இருக்கில்ல? ஆப்பிள் அத்தனையும் உயிரோட இருக்குன்னு நீதானே சொன்னே. அது வாழ்ற இடத்துல நான் ஒரு வாய் இழுத்தா செத்தா போயிடுவேன்?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், கேளு. அந்தக் காத்தை இழுத்தா ஆக்சிஜன் உள்ள வராதுடா, உன் ரத்தத்துல இருக்கிறது வெளியே போகும். நிறைய இருக்கிற இடத்துலேருந்து குறைவா இருக்கிற இடத்துக்குத்தான் அது ஓடும். மூச்சை அடக்கி வச்சிருக்கிறவன்கூட கொஞ்சம் தாங்குவான். ஒரு வாய் இழுத்தவன் தாங்கமாட்டான். இன்னொண்ணு சொல்றேன் கேட்டுக்கோ, அது திணறாது. நெஞ்சு அடைக்காது. இழுத்ததும் அப்பாடான்னு இருக்கும். அந்த அப்பாடாவோட சரி."

"பயிற்சிக்குப் போனாலும் போனே, வாயைத் திறந்தா இழவு" என்று எழுந்து போய்விட்டான்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றாள். "சொல்றேன்" என்றார். அவர் சொல்கிறேன் என்றால் சொல்லமாட்டார் என்பது கல்யாணமான வருஷமே அவளுக்குத் தெரிந்ததுதான்.

ஆறாம் அறையின் வாடை வந்தது அதற்கப்புறம். இரண்டாவது பழத்தையும் வெட்டிப் பார்த்துவிட்டு அவள் மேலாளரைக் கூப்பிட்டாள். மேலாளருக்குத் தம்பி வைத்த பெயர் வெண்டைக்காய். எந்தப் பேச்சும் பிடிக்குள் நிற்காது; எதையும் செய் என்று சொன்னதாக ஒருவரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"மீட்டர் ரெண்டுன்னுதானேம்மா காட்டுது?"

"மீட்டருக்குப் போற குழாய்ல எங்கயோ கசியுது சார். வெளிக்காத்தும் சேர்ந்து அளக்குது. உள்ள நிஜத்துல ஒண்ணுகூட இருக்காது. பழம் திணற ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கே கொஞ்சம் காத்து உள்ள விடணும்."

"விட்டு, மீட்டர் சரியா இருந்து தொலைச்சா? பழம் முழிச்சிக்கிட்டுப் பழுக்க ஆரம்பிச்சிடுமே."

"முழிச்சா பரவாயில்லை சார், வித்துடலாம். இப்படியே விட்டா வித்தாலும் யாரும் வாயில வைக்கமாட்டாங்க."

மேலாளர் வெட்டிய பழத்தை எடுத்து முகர்ந்தார். அவர் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"கதவை ஒட்டித் தொங்குற பழம் எப்பவுமே கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும். நடுவுல எப்படி இருக்குன்னு தெரிஞ்சா ஒரு முடிவு பண்ணலாம்."

"நடுவுலேருந்து எப்படி சார் எடுக்கிறது?"

"நான் எடுக்கச் சொல்லலையேம்மா. தெரிஞ்சா நல்லாயிருக்கும்னேன்."

கொஞ்சம் தள்ளி, உடைந்த மரப்பெட்டி ஒன்றுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான் தம்பி. சுத்தியல் சத்தம் நின்றுபோனதை அவள் கவனித்தாள். திரும்பிப் பார்த்தாள். அவன் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அன்று வேலை முடிந்து கிளம்பும்போது அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "ஆறுல முங்கமாட்டேன்னு சொல்லு."

"முங்கலை."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

"உன்னைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வருது. முங்கலைக்கா, போதுமா? நீயே போய் மேலாளர்கிட்ட காத்தை விடச் சொல்லிச் சண்டை போடு. நான் எதுக்கு ஒரு ஆப்பிளுக்காகச் சாகணும், எனக்குப் பொண்ணு பார்க்கிறாங்க."

அவ்வளவு சுலபமாக அவன் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அதுதான் அவளை உறுத்தியது. வீட்டுக்குப் போனதும் கணவரிடம், "அவன் போனா நீங்க தட்டாதீங்க. தட்ட ஆள் இல்லேன்னா போகமாட்டான்" என்றாள். அவர், "நான் தட்டாட்டி வேற எவனாவது தட்டுவான். அதுக்கு நானே பக்கத்துல இருக்கலாம்ல" என்றார். அதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிகூட அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக மேலாளர் அறைக்குப் போனாள். அவர் இன்னும் வந்திருக்கவில்லை. மேசைக்குத் திரும்பி இரண்டாம் அறையின் பழங்களை வெட்ட உட்கார்ந்தாள். நல்ல பழம். கத்தி இறங்கும்போது நறுக்கென்று கேட்டது.

எங்கேயோ தட்டுகிற சத்தம். யாரோ எதையோ சரிபண்ணுகிறார்கள் என்று நினைத்தாள். இரும்பில் இரும்பு, ஒரே சீராக, அவசரமில்லாமல். இன்னொரு பழத்தை எடுத்தாள். தட்டுவது ஒரு கதவை என்பது காதுக்கு முதலில் தெரிந்தது. அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. கத்தியைக் கீழே வைப்பதற்குள் சத்தம் வேகமாகிவிட்டது. சீர் போய்விட்டது. யாரோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தட்டுவது போல, கண்டபடி விழுந்தது. பிறகு நின்றுவிட்டது.

அந்த நிற்றல்தான் அவளை எழுப்பி ஓடவைத்தது. தட்டுகிறவர் கையிலிருந்து ஸ்பேனர் கீழே விழுந்துவிட்டது என்றால், அவர் எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

ஆறாம் அறையின் சின்னக் கதவு திறந்திருந்தது. கணவர் தலையையும் ஒரு தோளையும் உள்ளே நுழைத்துவிட்டிருந்தார். அவள் அவர் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். அவர் வந்து அவள்மேல் விழுந்தார்.

"விடு! பக்கத்துலதான் கிடக்கான், கை எட்டிடும்! விடுன்னா!"

"எட்டாது."

"நான் மூச்சைப் புடிச்சிட்டுப் போறேன், இழுத்துட்டு வந்துடுறேன்."

"இழுக்க முடியாது. அவனைத் தூக்குற நேரத்துல நீங்க மூச்சு விட்டுடுவீங்க."

அவர் கையை ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவர் அவளை அடித்ததில்லை. அவள் பெல்ட்டை விட்டாள். விட்ட கையோடு உருண்டுபோய்ச் சின்னக் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, எதிரே தரையில் பதித்திருந்த இரும்புத் தடத்தில் காலை ஊன்றிக்கொண்டாள்.

"போடா!" என்று கத்தினாள். கட்டின நாளிலிருந்து ஒரு நாளும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "போய்ப் பெரிய கதவு போல்ட்டைக் கழட்டுடா! கதவு திறந்தா காத்து போகும்! போ!"

அவர் நின்றார். இன்னொரு அறை விழும் என்று நினைத்தாள். அவர் ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டு கதவின் மேல்மூலைக்கு ஓடினார்.

சத்தம் கேட்டுச் சுமை ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனை, அடுத்த கட்டடத்தில் காற்று உருளையோடு இருக்கும் முகமூடியை எடுத்துவர விரட்டினாள். மற்றவன் முரடன், நல்லவன், தம்பியோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன்.

"நகரு தங்கச்சி, நான் போறேன்."

"மாட்டேன்."

"உன் தம்பிம்மா அவன்!"

"தெரியும். அதுக்குத்தான் உட்கார்ந்திருக்கேன். நீங்களும் அவர்கூடப் போய் போல்ட்டைக் கழட்டுங்கண்ணா."

அவன் அவள் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அவள் வாயைத் திறந்து அவன் மணிக்கட்டில் கடித்தாள். அவன் கையை உதறிக்கொண்டு, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போல்ட் பக்கம் போனான்.

பிறகு அவள் முழங்காலில் எழுந்து, முதுகைக் கதவிலிருந்து எடுக்காமலே கழுத்தைத் திருப்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே அவன் கொண்டுபோன டார்ச் தரையில் கிடந்து எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பெட்டி வரிசைகளுக்கு நடுவில் அவன் ஒருக்களித்துக் கிடந்தான், வெகு தூரத்திலெல்லாம் இல்லை. அவன் ஓடிவந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். முகம் இந்தப் பக்கம் இருந்தது. கண் திறந்திருந்தது. ஒரு கை முன்னால் நீண்டு, இரண்டு விரல் மட்டும் லேசாக மடங்கி மடங்கி விரிந்தது.

தசை, என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. அது அந்தப் பேராசிரியையின் குரல். தசை கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். இருக்கிற சர்க்கரையை அரைகுறையாக எரித்து, இரண்டு பங்கு, இரண்டு பங்காகப் பிழைத்துக்கொண்டிருக்கும். விரல் இன்னும் ஒன்றும் தெரியாமல் பிழைத்துக்கொண்டிருந்தது. அவனைச் சுற்றிக் கூரை வரை ஆப்பிள்கள், எல்லாம் உயிரோடு.

கொக்கியை எட்டி எடுத்தாள். சின்னக் கதவைக் கை நுழையும் அளவு மட்டும் திறந்து, முகத்தை வெளிப்பக்கம் வைத்துக்கொண்டு கொக்கியை உள்ளே நீட்டித் துழாவினாள். சட்டையில் மாட்டியது. இழுத்தாள். கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. நகர்ந்தது சட்டைதான். கிழிந்துகொண்டே வந்தது. மறுபடி மாட்டினாள், மறுபடி கிழிந்தது. கண்ணாடியில் பார்க்க எழுந்தால் கொக்கி விலகியது, கொக்கியைச் சரிசெய்யக் குனிந்தால் கண்ணாடி எட்டவில்லை.

முகமூடி வந்தது. அதைப் போட்டுக்கொள்ளத் தெரிந்த ஆள் அதற்குப் பின்னால் வந்தார். பெரிய கதவு ஒரு பக்கம் பிளந்து குளிர்காற்று முகத்தில் அடித்தபோது கணவரின் விரல்களில் தோல் இல்லை. முகமூடி வந்ததும் கதவு திறந்ததும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் நடந்தன. முகமூடி போட்டவர் அவனை அக்குளில் கை கொடுத்து இழுத்துவந்து வெளித்தரையில் போட்டார்.

மருத்துவ வண்டியில் வந்தவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள், காற்றை ஊதினார்கள், ஊசி போட்டார்கள். இதயம் திரும்பத் துடித்தது. அதைச் சொல்லிக்கொண்டேதான் வண்டியில் ஏற்றினார்கள். போகும் வழியில் நின்றுவிட்டது. மறுபடி துடிக்கவில்லை.

அம்மாவிடம் போய்ச் சொன்னவர்கள் இதையும் சொல்லியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், கடைசிவரை போராடினார்கள் என்று. அம்மா அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியில ஏத்துறப்போ துடிச்சிருக்கு. அப்போ உயிர் இருந்திருக்கு" என்றாள். சாவு வீட்டில், வந்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், அழுகை இல்லாத குரலில். "முன்னாடியே இழுத்துப் போட்டிருந்தா என் புள்ளை பொழைச்சிருப்பான். இழுக்கப் போனவரை இவ புடிச்சு வச்சிருக்கா. கதவைச் சாத்திட்டு அதுமேல உட்கார்ந்திருக்கா."

யாரோ, "அவ என்னம்மா பண்ணுவா" என்று ஆரம்பித்தார்கள்.

"பண்ணிட்டாளே. கட்டினவனை வச்சுக்கிட்டா. கூடப் பொறந்தவனைக் கொடுத்துட்டா."

அவளுக்குச் சொல்ல இருந்தது ஒன்றும் அந்த வீட்டில் சொல்லக்கூடியதாக இல்லை. இதயமும் தசைதான் என்றா சொல்வது? துடிக்கவைத்தால் துடிக்கும், ஆனால் அது யாருக்காகத் துடிக்கிறதோ அந்த ஆள் அதற்கு முன்பே போய்விட்டான் என்றா? அவரும் உள்ளே போயிருந்தால் இரண்டு பேரைத் தூக்கிவந்திருப்பீர்கள் என்று எல்லோருக்கும் முன்னால் கணக்குப் போட்டா காட்டுவது?

கணவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். விரல்கள் ஆறின. அறைந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, "நான் தட்டுறப்போ அவன் ஒரு தடவை பதிலுக்குத் தட்டினான், உள்ளேருந்து. பழத்தை எடுத்துட்டேன்னு அர்த்தம். சிரிச்சிருப்பான்" என்றார். அப்புறம், "நீ விட்டிருக்கணும்" என்றார். அப்புறம் தட்டில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டு முடித்தார்.

கிடங்கில் விசாரணை நடந்தது. முங்குவது என்ற ஒன்றைத் தான் கேள்விப்பட்டதேயில்லை என்று மேலாளர் சொன்னார். யாரையும் உள்ளே போகச் சொன்னாரா என்று அவளைக் கேட்டார்கள். "சொல்லலை. தெரிஞ்சா நல்லாயிருக்கும்னார்" என்றாள். அதை எழுதிக்கொண்டவருக்கு அதில் என்ன குற்றம் என்று விளங்கவில்லை. ஆறாம் அறையின் பழம் முழுவதும், நடுவில் இருந்தது உட்பட, சாராயம் ஏறிப் போயிருந்தது. மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பினார்கள். அவள் அந்த வேலைக்குத் திரும்பவில்லை.

அம்மா அவள் வீட்டுப் படியேறியது நெடுநாள் கழித்து ஒரு பிற்பகலில். வருகிறேன் என்று சொல்லி அனுப்பவில்லை. கதவைத் திறந்தது கணவர். "வாங்கத்தை" என்றார். அம்மா அவரைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். தண்ணீர் கொடுத்ததை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அந்தக் கண்ணாடி வழியாப் பார்த்தியாமே. அவன் மூஞ்சி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் வாசல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"நம்ம பக்கம்தாம்மா."

"கண்ணு?"

"திறந்திருந்துச்சு."

அம்மா தம்ளரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"அப்போ உன்னைப் பார்த்திருக்கான். கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கிற அக்காவைப் பார்த்துக்கிட்டே போயிருக்கான்."

"இல்லம்மா." அவள் கீழே, அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "ஒரு வாய்தான் இழுத்திருப்பான். அதுக்கப்புறம் அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. வலி இல்லை, பயம் இல்லை. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. ஆனா அவன் பார்க்கலை. நான் போறதுக்கு முன்னாடியே அவன் பார்க்கிறதை நிறுத்திட்டான்."

"உறுதியா தெரியுமா?"

"தெரியும்மா. அது ஒண்ணுதான் உறுதியா தெரியும்."

அம்மா, ஏதோ தையலைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்வது போல, "அப்போ பார்த்துக்கிட்டிருந்தது நீ மட்டும்தான்" என்றாள்.

"ஆமாம்மா."

அம்மா தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். சாப்பிட்டுப் போகச் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். ஆம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. வாசலுக்குப் போனாள். ஒரு செருப்பு கிடைத்தது, மற்றது கதவுக்குப் பின்னால் தள்ளிப்போயிருந்தது. கணவர் குனிந்து அதை எடுத்து அம்மாவின் காலுக்கு நேராக வைத்தார். வைத்தவர் உடனே நிமிரவில்லை.

அம்மா அந்தக் குனிந்த பிடரியைப் பார்த்தாள். இதற்கா அவ்வளவு கொடுத்தோம் என்று, வாங்கிவந்த பொருளை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது போல நின்று பார்த்தாள். அவர் மூச்சு விடும்போது முதுகு ஏறி இறங்கியது.

பிறகு காலை நீட்டிச் செருப்புக்குள் நுழைத்தாள்.